என்றைக்கும் இலவசம்

சுயம்புராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் யாருக்கு மெயில் எழுதினாலும் 'நாங்கள்' என்றுதான் எழுதுவார். 'நீங்கள் சொன்ன கோளாறை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்', 'எங்கள் குழு அடுத்த வாரத்துக்குள் சரிசெய்துவிடும்' என்று ஆங்கிலத்தில் வழவழவென்று எழுதி, கீழே பெயர் போடாமல் 'வாடிக்கையாளர் சேவைப் பிரிவு' என்று முடிப்பார். அந்தப் பிரிவும் அவர்தான், குழுவும் அவர்தான். கொட்டாரத்தில் அகஸ்தீஸ்வரம் போகிற ரோட்டில், வயலைப் பார்த்த ஒரு மாடி அறையில், சாரமும் பனியனுமாக உட்கார்ந்து பத்து வருஷமாகத் தனியாக நடத்திவருகிற கம்பெனி அது.

விற்கிற சரக்கு ஒன்றே ஒன்று. கணினியில் இசை அமைக்கிறவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்கிற சின்தசைசர். வீணையையோ வயலினையோ பதிவுசெய்து வைத்துத் திரும்பப் போடுகிற வேலை இல்லை. வெறும் கணக்கில் இருந்து சத்தத்தைப் பிறப்பிப்பது. திரையில் இருக்கிற திருகுகளைத் திருப்பினால் சத்தம் கனக்கும், மெலியும், கரகரக்கும், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுகும். பூச்சந்தை நடக்கிற ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்: தோவாளை. பெல்ஜியத்தில் இருந்து ஒருவர், இது இத்தாலியச் சொல்லா என்று கேட்டு எழுதினார்.

அதற்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டில் இருக்கிற கருவிகளுக்கான மென்பொருள். நாடித்துடிப்பு குறைந்தால் 'பீப், பீப்' என்று கத்துமே, அந்தச் சத்தம் அவருடைய பங்கு. எந்தச் சத்தம் ஆளை எழுப்பும், எது பயமுறுத்தாமல் எழுப்பும் என்று மாசக்கணக்கில் உட்கார்ந்து கேட்டதில் சத்தத்தின் மேலேயே பைத்தியம் பிடித்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஜிஷா நர்ஸ் என்று தெரிந்ததும் தன் வேலையைப் பெருமையாகச் சொன்னார்.

"அந்தச் சத்தத்த உண்டாக்குனது நீங்களா?" என்றாள் ஜிஷா. "டூட்டி முடிஞ்சு வந்து படுத்தாலும் காதுல அதுதான் கேக்கும், கேட்டியளா."

பேச்சு அதோடு முறிந்தது என்று நினைத்தார். அடுத்த ஆவணியில் கல்யாணம் நடந்தது.

வேலையை விட்டுவிட்டு 2014-இல் தோவாளையை இணையத்தில் விற்பனைக்கு வைத்தார். விலை முப்பத்தொன்பது டாலர். பதினேழு நாள் ஒருவர்கூட வாங்கவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கணினியைத் திறந்தவர், நார்வேயில் யாரோ வாங்கியிருப்பதைப் பார்த்தார். வாயில் நுரையோடு மாடிப்படி இறங்கி ஓடிப்போய் ஜிஷாவிடம் சொன்னார். அன்றைக்கு மத்தியானம், அந்த சந்தோஷத்தில், விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார். 'ஒருமுறை வாங்கினால் போதும். இனி வரும் பதிப்புகள் எல்லாம் உங்களுக்கு என்றைக்கும் இலவசம்.' அதை எழுத இரண்டு நிமிஷம்கூட அவர் யோசிக்கவில்லை. மிஞ்சிப்போனால் ஐம்பது பேர் வாங்குவார்கள் என்பது அவர் கணிப்பு.

ஐம்பது ஐநூறு ஆனது, பிறகு ஆயிரம் தாண்டியது. ஆனால் இந்தத் தொழிலில் ஒருமுறை வாங்கினவர் இரண்டாம் முறை வாங்கத் தேவையே இல்லை. அவர் உங்களை நேசிப்பார், நீளமாக மெயில் எழுதுவார், புதிய வசதி கேட்பார், கிடைத்ததும் நன்றி சொல்வார். காசு மட்டும் புது ஆளிடம் இருந்துதான் வரவேண்டும். புது ஆள்கள் வருஷாவருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். 2018-இல் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், அந்த வரியைப் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஜிஷா குவைத்துக்குப் போயிருந்தாள். குழந்தை இல்லை. இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவள், இரண்டு இரண்டாக நீட்டி எட்டு வருஷம் ஆகப்போனது. நர்சுகள் விடுதியில் புருஷனைத் தங்கவைக்க முடியாது. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு. அன்றைக்கு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அய்யாவழிக்காரர்கள் கும்பிடக் கூடுகிற நிழல்தாங்கலுக்குப் போனால், "ஜிஷா எப்ப வாறா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். "வருவா" என்பார். மற்ற ஐந்து நாளும் பேச்சுக்கு வேலை இல்லை. சில நாள் சாயங்காலம் பால் வாங்கப் போய்க் கடைக்காரரிடம் வாய் திறக்கும்போதுதான் காலையில் இருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது குரலின் கரகரப்பில் தெரியும்.

இந்த நிலைமையில் கணினிகளின் உள்வேலைப்பாடு அடியோடு மாறியது. புதிதாக வாங்கின கணினிகளில் தோவாளை திறக்கவே இல்லை. ஒட்டுப்போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. முதல் வரியில் இருந்து திரும்ப எழுதினார். பத்தொன்பது மாசம் ஆனது. முடித்தபோது பழையதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. கீழ்சுரங்களில் முன்பு ஒரு உலர்ந்த தன்மை இருக்கும். அது போய், கேட்கிறவர் நெஞ்சில் கைவைத்த மாதிரி ஒரு கனம் வந்திருந்தது. அதைக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. வீடியோவில் ஜிஷாவுக்குப் போட்டுக்காட்டினால் அங்கே 'ஙொய்' என்றுதான் கேட்டது.

இனி விலை. இதைப் பற்றி அவர் பத்து நாள் படித்தார். சில கம்பெனிகள் மாச வாடகைக்குக் கொடுத்தன. வாடகை கட்டாத மாசம் அந்த ஆள் போன வருஷம் போட்ட பாட்டுகூடத் திறக்காது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. சில கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புது எண் போட்டுப் பாதி விலை வாங்கின. வேறு சில, பெயரையே மாற்றி, 'இது வேறு சரக்கு' என்று சொல்லி முழு விலையும் வாங்கின.

வெள்ளிக்கிழமை ஜிஷாவிடம் சொன்னார்.

"பத்தொம்பது மாசம் இருந்து செஞ்சிருக்கிய," என்றாள் அவள். "அத சும்மா தூக்கிக் குடுக்கதுக்கு நாம என்ன தர்மச் சத்திரமா நடத்துகோம்?"

"பண்டு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தேன்லா."

"இப்ப அது அங்க உண்டுமா?"

"இல்ல. எடுத்தாச்சு."

"பின்ன?" என்றாள். பிறகு, "இது நல்லா போச்சுன்னா நான் வாற அக்டோபர்ல வேலைய நீட்டக் கையெழுத்துப் போடாம வந்திருவேன். இங்க சொல்லிக்கூட வச்சிருக்கேன்," என்றாள். தலைமுடியைத் துண்டால் துவட்டிக்கொண்டே சொன்னாள், பெரிதாக ஒன்றும் சொல்லாத மாதிரி.

அவர் அன்றைக்கே முடிவெடுத்தார். புது மென்பொருளுக்கு, காற்றாலைகள் நிற்கிற ஊரின் பெயரை வைத்தார்: முப்பந்தல். புது ஆளுக்கு எழுபத்தொன்பது டாலர், பழைய ஆளுக்கு முப்பத்தைந்து. பெயர் வேறு என்பதால் பழைய வாக்கு இதற்குப் பொருந்தாது. உள்ளே இருந்தது தோவாளைதான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதை எழுதும்போது வாக்கியம் கச்சிதமாக வந்தது: 'முப்பந்தல் முற்றிலும் புதிய மென்பொருள் என்பதை எங்கள் குழு மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறது.'

ஜூலையில் ஒரு திங்கள்கிழமை அறிவித்தார். மத்தியானம் வரை வாழ்த்துகள். பிறகு, இசை மென்பொருள்காரர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணைய மன்றத்தில் ஒரு ஜெர்மனிக்காரர் படம் ஒன்றைப் போட்டார். 2015-இல் எடுத்து வைத்திருந்த தோவாளையின் விற்பனைப் பக்கம். 'என்றைக்கும் இலவசம்' என்ற வரியைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். பேரை மாற்றினால் திருகுகள் மாறிவிடுமா என்று கேட்டிருந்தார். ஒரே நாளில் பதினாறு பக்கம் ஓடியது. ஏமாற்றுக்காரர்கள் என்றார்கள். முப்பத்தைந்து டாலர் ஒரு காசா, அந்த மனிதர்களும் சாப்பிடவேண்டாமா என்று சிலர் பரிந்து பேசினார்கள். பரிந்து பேசினவர்களும் 'அந்த மனிதர்கள்' என்றுதான் எழுதினார்கள்.

அவர் நான்கு பதில் எழுதினார், நான்கும் 'நாங்கள்' என்று. ஒவ்வொன்றும் நெருப்பில் எண்ணெய் ஆனது. ஆனால் திட்டியவர்கள் யாரும் அவரை அவ்வளவு நோகடிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஒரு பெண் அமைதியாக எழுதியதுதான் நோகடித்தது. 'எனக்குக் காசு பெரிதில்லை. தொடக்கத்தில் ஒருவர் நட்பாகப் பதில் எழுதுவார். கம்பெனி பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. அவர் இப்போது அங்கே இல்லை என்று நினைக்கிறேன்.'

கணினியை மூடிவிட்டு அவர் ஜங்ஷனுக்கு நடந்தார். டீக்கடையில் பொன்னுலிங்கம் நின்றிருந்தார். பெயிண்டுக்கடை வைத்திருப்பவர், அவரைவிட இரண்டு வயசு மூத்தவர். தெருவில் எல்லோரையும் போல, சுயம்புராஜ் வீட்டில் இருந்தே பங்குச்சந்தையில் சம்பாதிக்கிறார் என்று நம்புகிறவர்.

"என்ன மக்கா, மொகம் வாடிக் கெடக்கு? ஷேரு எறங்கிட்டா?"

"ஷேரு இல்லண்ணே. கொஞ்சம் பேரு ஏசுகான்."

"ஆரு ஏசுகா? நம்ம ஊர்க்காரனா?"

"ஜெர்மனிக்காரன்."

பொன்னுலிங்கம் டீயை வாயில் வைக்காமல் அவரைப் பார்த்தார். "ஜெர்மனிக்காரன் ஏசுகதுக்கு நீ என்னலே செஞ்ச?"

சுயம்புராஜ் சொல்லிப் பார்த்தார். சத்தம் உண்டாக்குகிற ஒரு மென்பொருள், பழையதை வாங்கினவர்களுக்குப் புதியதைச் சும்மா தருவதாகச் சொன்னது, இப்போது காசு கேட்டது. பொன்னுலிங்கம் கவனமாகத்தான் கேட்டார். "அப்ப நீ பாட்டு போடுவியா?" என்றார் கடைசியில். "பாட்டு இல்லண்ணே, சத்தம்," என்று இவர் தொடங்குவதற்குள் பெயிண்டுக்கடையில் ஆள் வந்து நிற்பதாக யாரோ கூப்பிட்டார்கள். "ஒண்ணும் விசாரப்படாத, ஜெர்மனிக்காரன் இங்க வரவா போறான்?" என்று தோளில் தட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த வரி இருந்த காலத்தில் வாங்கினவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று பார்க்கத்தான் மறுநாள் காலையில் சுயம்புராஜ் பழைய பட்டியலைத் திறந்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேர். ஒவ்வொரு பெயராக நகர்த்தினார். கனடா, போலந்து, பிரேசில், ஜப்பான். எந்த முகமும் தெரியாது. 2016 மார்ச்சில் ஒரு வரியில் கை நின்றது. நஸீம். ஊர், தேங்காய்ப்பட்டணம். பின்கோடு 629 என்று தொடங்கியது. அவருடைய வீட்டுப் பின்கோடும் 629 என்றுதான் தொடங்கும்.

எட்டு வருஷம் இந்தப் பெயர் இங்கேயே இருந்திருக்கிறது. நாகர்கோவிலில் வண்டி மாறி இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். பெயரைப் போட்டுப் பழைய மெயில்களில் தேடினார். ஒன்றே ஒன்று இருந்தது, 2019 மே மாசம். ஷார்ஜாவில் ஒரு கம்பெனி முகவரியில் இருந்து, பள்ளிக்கூடத்து விண்ணப்பம் மாதிரியான ஆங்கிலத்தில், 'மதிப்பிற்குரிய ஐயா, என்னுடைய தோவாளை உரிமத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றித்தர முடியுமா? மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்' என்று எழுதியிருந்தார் நஸீம். அதற்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தது. 'எங்கள் கொள்கைப்படி உரிமத்தை மாற்ற இயலாது. புரிந்துகொண்டதற்கு நன்றி.'

தான் எழுதியதுதானா என்று இரண்டு தரம் படித்தார். நஸீமுக்கு ஒரு மெயில் எழுதினார். அப்படி ஒரு முகவரி இல்லை என்று ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை காலை கிளம்பிப் போனார். புதுக்கடை என்கிற ஊரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றார். போய் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் இரண்டு கடையில் விசாரித்து, பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தார். நஸீமின் மனைவி சுல்ஃபியா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"ஆரு வேணும்?"

"நஸீம் வீடு இதானே?"

"ஆமா. நீங்க எங்கேந்து வாறிய?"

"கொட்டாரத்துலேந்து. அவரு ஒரு கம்ப்யூட்டர் சாமான் வாங்கியிருந்தாரு. நான் அந்தக் கம்பெனியாக்கும்."

அவள் முகம் சுருங்கியது. "பைசா ஏதாவது நிக்கா?"

"இல்ல, இல்ல. நாந்தான் ஒண்ணு குடுக்க வந்தேன்."

நம்பாமல்தான் சொன்னாள், ஹார்பரில் ஐஸ் கம்பெனியில் இருப்பார் என்று.

துறைமுகத்தில் படகுகள் ஏற்கெனவே வந்து, ஏலம் பாதி முடிந்திருந்தது. ஐஸ் உடைக்கிற மிஷின் பக்கத்தில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, நோட்டும் கையுமாக நின்றவரைக் காட்டினார்கள். நாற்பது வயசு இருக்கும். தாடியில் அங்கங்கே நரை. சுயம்புராஜ் பெயரைச் சொன்னார். நஸீமுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தோவாளை என்று சொன்னதும் நோட்டை மூடினார்.

"அந்தத் தோவாளையா? கம்ப்யூட்டர்ல உள்ளது?"

"ஆமா. அது நான் செஞ்சது."

"நீங்கன்னா, உங்க கம்பெனியா?"

"கம்பெனியும் நாந்தான். நான் ஒராளுதான்."

நஸீம் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். மிஷின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தவர் போல அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். வலை கிடந்த இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"பேரப் பாத்துத்தான் அண்ணே வாங்குனேன். ஷார்ஜால இருந்து பாத்தப்போ, இது நம்ம ஊரு பேருல்லான்னு இருந்து. பின்ன நெனச்சேன், சும்மா ஒத்துவந்த பேரா இருக்கும், கம்பெனி அமெரிக்காலயோ எங்கயோ இருக்கும்னு."

"எழுதிக் கேட்டிருக்கலாம்லா?"

"எங்க? நீங்க நல்ல கனமா இங்கிலீஷ்ல எழுதியிருந்தியளே. பின்ன ஒண்ணும் கேக்கத் தோணல."

சுயம்புராஜ் அந்த மெயிலைப் பற்றித்தான் பேச வந்ததாகச் சொன்னார். இப்போது யார் பெயருக்கு வேண்டுமோ மாற்றித் தருவதாகச் சொன்னார். விற்றிருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் காசு கிடைத்திருக்குமே, அதைத் தடுத்துவிட்டேன் என்றார்.

"விக்கதுக்கா?" நஸீம் தலையை ஆட்டினார். "விக்க இல்லண்ணே. ரூம்ல என்கூட ஒரு பிலிப்பைன்ஸ்காரன் உண்டும், ரேனல்னு பேரு. வேலை விட்டு வந்தா ரெண்டு பேரும் ஒரே லாப்டாப்புல இருந்து வாசிப்போம். என்னைவிட அவன் நல்லா வாசிப்பான். கம்பெனிய பூட்டிட்டானுவ. ஒரு வாரத்துல எனக்கு டிக்கெட் தந்து அனுப்புனானுவ. போறதுக்கு முன்ன இத அவன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டுப் போவோம்னு நெனச்சேன். கையில வேற ஒண்ணும் இல்ல, குடுக்கதுக்கு."

"அத நீங்க மெயில்ல எழுதலியே."

"எழுதியிருந்தா மட்டும்?"

சுயம்புராஜுக்குச் சொல்வதற்கு இருந்த ஒரே உண்மையான பதில், அப்போதும் அதே இரண்டு வரிதான் போயிருக்கும் என்பது.

"அவன் இப்ப எங்க?"

"தெரியாது. நம்பரு மாறிட்டு. கொறோனாவுக்குப் பெறவு ஒரு வெவரமும் இல்ல."

புதிய பதிப்பு வந்திருப்பதைச் சொல்லி, உங்களுக்கு அது இலவசம் என்றார் சுயம்புராஜ். பழைய ஆட்களுக்கு அப்படி ஒரு வாக்கு கொடுத்திருந்ததையும் சொன்னார். நஸீமுக்கு அந்த வரி ஞாபகமே இல்லை. "அப்பிடி எழுதியிருந்தியளா? நான் பாக்கல. லாப்டாப்ப வந்த வருசமே வித்தாச்சு அண்ணே," என்றார். பிறகு ஏதோ தோன்றி, நனைந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். வெகுநேரம் தேடினார்.

"இது நாங்க ரெண்டு பேரும் போட்டது. எல்லாம் உங்க சாமான்தான்."

போனைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் குனிந்து கேட்டார்கள். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. மெதுவாக ஏறி இறங்கும் ஒரு சுரவரிசை, அதன் அடியில் நீளமாக இழைந்த ஒரு ஒற்றைச் சத்தம். அந்த அடிச்சத்தத்தை சுயம்புராஜுக்குத் தெரியும். எந்தத் திருகை எவ்வளவு திருப்பினால் அது வரும் என்று தெரியும். அதற்கு மேலே அவர்கள் செய்திருந்தது அவருக்குத் தெரியாதது. பத்து வருஷத்தில் தன் மென்பொருளில் யாரோ வாசித்ததை, வாசித்தவன் பக்கத்தில் நின்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐஸ் தெறித்த மாதிரி துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கா?" என்றார் நஸீம், சின்னப் பையன் மாதிரி.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

அடுத்த படகுக்கு ஐஸ் வேண்டும் என்று கத்தினார்கள். "வீட்டுக்குப் போயி சோறு உண்டுட்டுப் போங்க, நான் போன் பண்ணிச் சொல்லுகேன்," என்று நஸீம் ஓடினார். சுயம்புராஜ் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் வரும் வரை நின்றுவிட்டுக் கிளம்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் மன்றத்திலும் தன் இணையப் பக்கத்திலும் ஒரே கடிதத்தைப் போட்டார். 'என் பெயர் சுயம்புராஜ். இந்தக் கம்பெனியில் இருப்பது நான் ஒருவன்தான்,' என்று தொடங்கினார். முப்பந்தல் என்று வேறு பெயர் வைத்தது காசு வாங்குவதற்காக. உள்ளே இருப்பது தோவாளையின் இரண்டாம் பதிப்புதான், இனி அதன் பெயர் அதுவே. அந்த வரி இருந்த நாள் வரை வாங்கின ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் இது இலவசம்; அதற்குப் பிறகு தோவாளை வாங்கினவர்களுக்கு முப்பத்தைந்து டாலர். என்றைக்கும் இலவசம் என்று இனி யாருக்கும் சொல்லமாட்டேன், ஏனென்றால் அப்படிச் சொல்ல எனக்குச் சக்தி இல்லை. உரிமத்தை யாரும் யாருக்கும் மாற்றிக் கொடுக்கலாம், காரணம் சொல்லவேண்டாம். எழுதி முடித்துத் திரும்பப் படிக்காமல் அனுப்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜிஷா அழைத்தபோது அவர் தேங்காய்ப்பட்டணத்துக் கதையில் இருந்து தொடங்கினார்.

"நான் படிச்சாச்சு," என்றாள் அவள். "காலைலயே படிச்சேன்."

"அது நான் குடுத்த வாக்குல்லா ஜிஷா."

"ஆமா. செஞ்சது சரிதான். நான் தப்புன்னு சொல்லல." கட்டிலின் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரோ மலையாளத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஊருக்கெல்லாம் ஒரே நாள்ல எழுதிப் போட்டிய. எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அக்டோபர்ல வாறேன்னு இருந்தது நான்லா."

அவளைக் கேட்கவேண்டும் என்று அந்த வியாழக்கிழமை முழுக்க அவருக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. பஸ்ஸில் தோன்றவில்லை, எழுதும்போது தோன்றவில்லை. அதைச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று தெரிந்தும், "தோணல," என்றார்.

"தெரியும்," என்றாள். "ஒத்தைக்கு இருந்து இருந்து உங்களுக்கு அப்பிடி ஆயிட்டு. எனக்கும் இங்க அப்பிடித்தான் ஆயிட்டு வருது." அதற்கு மேல் அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

மன்றம் அடங்கியது. ஜெர்மனிக்காரர் தன் படத்தை எடுத்துவிட்டு, மன்னிப்பு கேட்டு நீளமாக எழுதினார். ஸ்காட்லாந்துப் பெண் 'நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்களா' என்று ஒரு வரி எழுதினாள். இலவசம் என்று சொன்ன பிறகும் முப்பத்தாறு பேர் காசு அனுப்பினார்கள். புது ஆட்கள் வந்தார்கள், ஆனால் அவர் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு. கம்பெனியை நடத்த அது போதும். ஒரு வேலையை விட்டு வருவதற்குப் போதாது. ஜிஷா அக்டோபர் நாலாம் தேதி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். போடும் முன்னால் போன் செய்து, "போடட்டா?" என்று கேட்டாள். அவர், "போடு," என்றார்.

ஜனவரியில் முப்பது நாள் விடுப்பில் வந்தாள். முதல் வாரம் அவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். குளியலறையில் சோப்பை எங்கே வைப்பது, மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்பதில் எல்லாம். இரண்டாம் வாரம் சரியானது. அவள் மாடியறைக்கு வந்து நாற்காலிக்குப் பின்னால் பாய்போட்டுப் படுத்துக்கொண்டு, அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசிப்பதைக் கேட்டாள். "இது நல்லா இருக்கு, இது பல்லு வலிக்க மாதிரி இருக்கு," என்று படுத்தபடியே சொன்னாள். பல்லு வலித்த இடங்களை எல்லாம் அவர் குறித்துக்கொண்டார். அவற்றில் இரண்டு நிஜமாகவே பிழை.

பிப்ரவரி எட்டாம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பினார். களியக்காவிளை தாண்டும்போது, ஏறிவிட்டேன் என்று செய்தி வந்தது. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். அவள் நெய்மீன் குழம்பு வைத்து, நாலு டப்பாவில் ஊற்றி, கிழமை எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். சனிக்கிழமை என்று எழுதியிருந்த டப்பாவை எடுத்தார். அன்றைக்குச் சனிக்கிழமைதான். பாதியை மட்டும் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, மீதியை மூடித் திரும்ப உள்ளே வைத்தார்.